பூட்ஸ் போட்டுப் பார்த்த வேலை

என் கையெழுத்து கோழி கிளறிப் போட்டதுபோல இருக்கும். சின்ன ரவா பெரிய றவா என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம்தான். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டோடு என் படிப்பு முடிந்துவிட்டது. படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். எழுத்துக்குத்தான் மன்னிப்புக் கேட்கிறேன். எழுதியிருக்கும் விஷயத்துக்குக் கேட்கவில்லை.

நான் ஃபோர்க்லிப்ட் ஓட்டுகிறவன். வேலை செய்த தொழிற்சாலை வேறு நாட்டுக்குப் போய்விட்டது. எங்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஸ்கூடாய் நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு கிடங்குக்கு ஆள் தேவை என்று பெரிய துணி கட்டியிருந்ததைப் பார்த்து, மோட்டார் சைக்கிளை ஓரங்கட்டி, நம்பரைக் குறித்துக்கொண்டேன். அங்கே போய்ப் பார்த்தால் மேனேஜர் என்னைவிட வயதில் மிகவும் சின்னவர். மரியாதையாகத்தான் பேசினார். ஃபோர்க்லிப்டை ஓட்டிக் காட்டச் சொன்னார். ஓட்டினேன். "போலே, போலே" என்று மலாய் மொழியில் சொல்லித் தலையாட்டினார். முடியும், ஆகும் என்று அதற்கு அர்த்தம்.

அதோடு விட்டிருந்தால் நான் இதை எழுத வேண்டியிருக்காது. அவர் என்னைச் சாமான் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். நீலச் சட்டை ஒன்றை என் முதுகில் வைத்துப் பார்த்தார்கள். இரும்பு மூக்கு வைத்த பூட்ஸைப் போடச் சொன்னார்கள். முதல் ஜோடி கடித்தது. அடுத்தது சரியாக இருந்தது. "நடந்து பாருங்க" என்றார் மேனேஜர். நடந்தேன். அவருக்கும் திருப்தி, எனக்கும் திருப்தி. கூப்பிடுகிறோம் என்று கைகொடுத்து அனுப்பினார்.

எங்கள் வீட்டார் ரப்பர் தோட்டத்து ஆட்கள். தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி கூப்பிட்டு வாளியும் பால் வெட்டும் உளிக்கத்தியும் கையில் கொடுத்துவிட்டால் வேலை கொடுத்தாயிற்று. அதற்குமேல் யாரும் ஆபீஸ் வாசலில் நின்று, ஐயா வேலை உண்டா என்று கேட்கமாட்டார்கள். கேட்டால் கிராணியின் வாக்கை நம்பவில்லை என்றாகிவிடும். எனக்குத் தெரிந்த வழக்கம் அதுதான். காலில் பூட்ஸைப் போட்டு நடக்கவிட்டவன் வேலை தரமாட்டான் என்று எனக்கு எப்படித் தோன்றும்?

வீட்டில் சொன்னேன். என் மனைவி அன்று சாயங்காலமே கோயிலில் அர்ச்சனை செய்துவிட்டு, அடுக்குமாடி முழுக்கச் சொல்லிவிட்டாள்.

அந்த வாரமே எங்கள் வட்டாரத்து இரும்புக்கடை முதலாளி, தவுக்கே என்போம், என்னைக் கூப்பிட்டார். சீனர், பழக்கமானவர். லாரியில் சாமான் கொண்டுபோய்ப் போட ஆள் வேண்டும், திங்கட்கிழமை வந்துவிடு என்றார். நான் வேறு இடத்தில் வாக்குக் கொடுத்துவிட்டேன், வர முடியாது என்றேன். சொன்னபோது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

பிறகு போன் வரவில்லை. குளிக்கப் போகும்போதும் போனை உள்ளே கொண்டுபோய் ஜன்னல் திட்டில் வைத்துக்கொண்டேன். தெரியாத நம்பரை எடுக்காதவன், எல்லாவற்றையும் எடுத்தேன். என் பெயரில் வந்த பார்சல் சுங்கத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறது என்று ஒரு மோசடிக்காரன் பேசினான். ஏமாற்றுகிறவன்கூடக் கூப்பிட்டான். கூப்பிடுகிறேன் என்றவர்கள் கூப்பிடவில்லை.

"ஏங்க, நீங்களே ஒரு போன் அடிச்சுக் கேளுங்கலா. வாயில என்ன கொழுக்கட்டையா?" என்றாள் என் மனைவி.

முன்பின் தெரியாதவர்களோடு போனில் பேச எனக்கு வராது. மலாயில் என்ன சொல்வது என்று இரண்டு மூன்று தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்துவிட்டு அடித்தேன். ஒரு பெண் எடுத்து, கொஞ்சம் இருங்கள் என்றாள். பாட்டு வந்தது. பாட்டு முடிந்து மறுபடி வந்தது. அப்புறம் கட்டாகிவிட்டது.

தினமும் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்வரும் என் மனைவியின் தம்பி ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தான். அவனைக் கிடங்கு நம்பருக்கு வாட்சப்பில் ஒரு செய்தி அடிக்கச் சொன்னேன். அடித்துக்கொண்டே சிரித்தான்.

"மாமா, பூட்ஸ் போட்டுப் பார்த்தா வேலை கெடச்ச மாதிரியா? அப்ப செருப்புக் கடையில போட்டுப் பார்த்தவன் எல்லாம் அந்தக் கடைக்கு முதலாளியா?"

"சும்மா இருடா. அடி" என்றேன்.

செய்தி போனது. கொஞ்ச நேரத்தில் இரண்டு கோடும் நீலமாகிவிட்டன. பார்த்துவிட்டார்கள். பதில் மட்டும் இல்லை. அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. பார்க்கவில்லை என்றாலாவது மனசைத் தேற்றிக்கொள்ளலாம்.

மறுநாள் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு நேரே கிடங்குக்குப் போய்விட்டேன். ஆபீஸில் என்னிடம் பேச வந்தது ஒரு தமிழ்ப் பெண். என் மகள் வயது இருக்கும். முதலில் மலாயில் பேசினாள், நான் தமிழில் ஆரம்பித்ததும் தமிழுக்கு வந்தாள்.

"அங்கிள், ஒரு வாரத்துல கூப்பிடலன்னா இல்லன்னு அர்த்தம். எல்லாருக்கும் தெரியுமே."

"எனக்குத் தெரியலம்மா. எனக்கு யாரும் சொல்லல. பூட்ஸெல்லாம் போட்டு நடக்கவிட்டாரே."

"ஐயோ, அது எல்லாருக்கும் சைஸ் எடுப்போம் அங்கிள். யாரை எடுத்தாலும் மறுநாளே வேலையை ஆரம்பிக்கணும்ல, அதுக்காக."

"அப்ப எனக்கு இல்லையா?"

அவள் உள்ளே போனாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அதே மேனேஜர் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்தார், கையைத் தூக்கிச் சிரித்தார், திரும்பப் போனைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்தச் சிரிப்பைத்தான் தாங்க முடியவில்லை. எழுந்து நாலடி வந்து, இல்லை என்று ஒரு வார்த்தை சொல்ல அவருக்கு என்ன குறைந்துவிடும்?

பெண் திரும்பி வந்தாள். "பாஸ் திரும்பப் பார்த்துட்டுக் கூப்பிடறேன்னு சொல்றாரு அங்கிள்."

என் வாழ்க்கையில் நான் ஆபீஸில் குரலை உயர்த்தியதில்லை. அன்று உயர்த்தினேன். பக்கத்து மேசையில் கம்ப்யூட்டர் தட்டிக்கொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள்.

"கூப்பிட வேணாம்மா. கூப்பிடறேன்னு இனிமே யாரும் எங்கிட்ட சொல்லவும் வேணாம். உண்டா இல்லையா, அத மட்டும் இப்பச் சொல்லு. கேட்டுட்டுத்தான் போவேன்."

அவள் கண்ணாடிப் பக்கம் ஒருமுறை பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "இல்ல அங்கிள். ஆள் எடுத்தாச்சு. நீங்க வந்துட்டுப் போன மறுநாளே" என்றாள்.

மறுநாளே! நான் குளியலறையில் போனை வைத்துக்கொண்டு நின்ற நாளெல்லாம் அந்த ஃபோர்க்லிப்டை வேறொருவன் ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறான். அது அங்கே எல்லோருக்கும் தெரியும், எனக்கு மட்டும் தெரியாது. வேலையை யாருக்குக் கொடுப்பது என்பது அவர்கள் இஷ்டம். அதில் எனக்குக் கோபம் இல்லை. ஒரு மனிதனைக் காக்க வைப்பதற்கும் அவர்களுக்கு உரிமை உண்டா?

"இத அன்னைக்கே சொல்லியிருந்தா நான் இந்நேரம் ஒரு லாரியில உட்கார்ந்திருப்பேம்மா" என்றேன். அவள் கண் கலங்கியதுபோல இருந்தது. அவள்மேல் எனக்கு வருத்தம் இல்லை. இல்லை என்ற வார்த்தையைச் சொன்னவள் அங்கே அவள் ஒருத்திதான்.

அங்கிருந்து நேரே இரும்புக்கடைக்குப் போனேன். லாரியில் வேறொரு ஆள் சிமெண்ட் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார். தவுக்கே என்னைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தார். "ஐயையோ, ஆள் வந்துட்டானே. பரவாயில்ல, யாராவது வேலைய விட்டு நின்னா நான் உன்னைக் கூப்பிடறேன் லா" என்று மலாயில் சொன்னார்.

"தவுக்கே, அப்படிச் சொல்லாதீங்க. இருந்தா இருக்குன்னு சொல்லுங்க, இல்லன்னா இல்லன்னு சொல்லுங்க."

அவர் என்னை உற்றுப் பார்த்தார். "இல்ல" என்றார். "இப்ப வேலை இல்ல."

நான் நன்றி சொன்னேன். உண்மையாகவே சொன்னேன். அவருக்கு என்னவோபோல் ஆகிவிட்டது. ஒரு கோப்பி வாங்கிக் கொடுத்துத்தான் அனுப்பினார்.

எனக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை. இப்போதெல்லாம் நேர்முகத்துக்குப் போனால் நாற்காலியைவிட்டு எழுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்கிறேன்: எந்தக் கிழமைக்குள் சொல்வீர்கள், இல்லை என்றாலும் சொல்வீர்களா? போன வாரம் ஓர் இடத்தில், வேலை கேட்டு வந்தவனுக்கு இத்தனை திமிரா என்பதுபோல என்னைப் பார்த்தார்கள். பார்க்கட்டும். வெள்ளிக்கிழமைக்குள் சொல்வதாகச் சொன்னார்கள். சொல்லவில்லை. சனிக்கிழமை காலை அவர்கள் கடை திறக்கும்போது நான் வாசலில் நின்றேன். இல்லை என்ற வார்த்தையைக் கேட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

ஸ்கூடாய்,
தீபாவளி கழிந்த இரண்டாம் ஞாயிறு.