வாளிக்குள் எடுத்த முதல் படம்

இன்று செங்கல்பட்டு கேமரா கடையில் ஒரு மணி நேரம் நின்றேன். தண்ணீருக்குள் படம் எடுக்க என் டிஜிட்டல் கேமராவுக்கு உறை வேண்டும். கடையில் இரண்டு வகை இருந்தன. ஒன்று பிளாஸ்டிக் பை. இன்னொன்று ஆழத்திலும் தாங்கும் கெட்டிப் பெட்டி.

“எத்தினி பேரு சார் கடல்ல எறங்குறீங்க?” என்றார் கடைக்காரர்.

“நான் மட்டும்தான்.”

“அப்ப பையே போதும். கரையாண்ட நின்னுகினே எடுங்க. உள்ள போனா, மேல கவுறு புடிச்சிகினு ஒரு ஆள் நிக்கணும் சார்.”

சுருக்கென்றது. வீம்புக்குப் பெட்டியையே வாங்கினேன்.

குவார்ட்டர்ஸுக்கு வந்ததும், தண்ணீர் கசிகிறதா என்று பார்க்க, பெட்டிக்குள் டிஷ்யூ காகிதத்தை மட்டும் வைத்து வாளியில் அமுக்கினேன். காகிதம் நனையவில்லை! கத்திச் சொல்ல வாயைத் திறந்தேன். வீட்டில் யார் இருக்கிறார்கள்?

பிறகு கேமராவை உள்ளே வைத்து, டைமர் போட்டு, மிதக்காமல் கல்லைக் கட்டி, அடியில் விட்டுக் குனிந்து பார்த்தேன்.

படம் தெளிவாக வந்திருக்கிறது. வட்டமான வெளிச்சத்தில் ஒரே ஒரு முகம், உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று எட்டிப் பார்க்கிறது.

இதைப் படிக்க இங்கே இணையத்தில் எனக்கு இருநூறு நண்பர்கள். ஞாயிறு காலை சதுரங்கப்பட்டினம் கடற்கரையில் கயிறு பிடிக்க ஒருவர் போதும். நீச்சல்கூடத் தெரிய வேண்டாம்.