பெட்டி வீட்டில் விதைப்பூண்டு

பூண்டின் மேல் தெர்மாக்கோல் உருகி ஒட்டினால் என்ன நாற்றம் வரும், மோந்து பார்த்திருக்கிறீர்களா? எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

குளிர்மலை வட்டவடையில் எங்கள் மண்வீட்டின் சுவர் போன மழையில் சரிந்தது. அரசாங்கத்தில் புது வீடு தந்தார்கள். எங்கோ ஃபேக்டரியில் செய்த சுவரும் கூரையும் லாரியில் வந்தன. போல்ட் முடுக்கினார்கள், முடிந்தது. இதே வீடுதான் கடற்கரையிலும் நிற்கிறதாம். அங்கே வேர்த்துக் கொட்டும், இங்கே பல் கிட்டும். எந்த மடையனுக்குக் கவலை? வரிசை முழுக்க ஒரே வெள்ளைப் பெட்டி, ஒரே நீலக் கதவு. பக்கத்து வீட்டுக்காரர் ஒருநாள் எங்கள் வீட்டுக்குள் வந்து சட்டையைக் கழற்றிவிட்டுக் காப்பி கேட்டார்.

விதைப்பூண்டைக் கொத்தாகக் கட்டி விறகடுப்புக்கு மேலே தொங்கவிடுவது எங்கள் வழக்கம். புகை குடித்தால்தான் அடுத்த நடவு வரை அழுகாமல் நிற்கும். பெட்டி வீட்டில் உத்தரமும் இல்லை, அடுப்படியும் இல்லை. கேஸ் வைக்க ஒரு மேடை, அவ்வளவுதான்.

சாவி கொடுக்க வந்த மலையாளி இன்ஜினியரிடம் அம்மா கேட்டாள்: "சார், ஒரு மூலையில மட்டும் வெறகடுப்பு கட்டித் தாங்க. வெதைய எங்க போடுறது?"

"எல்லா வீடும் ஒரே மாடல் ஆணு சேச்சி. பூண்டு கடையில கிட்டுமல்லோ."

"வீடே கடையில வாங்குனதுதான சார். பூண்டாச்சும் எங்க மண்ணுல வெளையட்டும்."

அவர் சிரித்துக்கொண்டே ஜீப்பில் ஏறிவிட்டார்.

அப்பா அதற்கு மேல் யாரையும் கேட்கவில்லை. கூரையில் கொக்கி அடித்து மொத்த விதையையும் தொங்கவிட்டார். கீழே தகர டின்னில் விறகை மூட்டினார்.

"தகரக் கூரைதான. தகரம் எரியுமா?" என்றார்.

மேலே தகரம், கீழே தகரம். நடுவில் என்ன அடைத்திருக்கிறது என்று யாரும் எங்களிடம் சொன்னதில்லை. மத்தியானம் கொக்கி ஓட்டைகள் வழியாகச் சளி மாதிரி ஒன்று ஒழுகி, கொத்துக் கொத்தாகப் பூண்டின் மேல் இறங்கியது. வீடெல்லாம் கரும்புகை.

"மழைக்கு ஒழுகுற கூரை பாத்திருக்கேன். கூரையே ஒழுகி இப்பத்தான் பாக்குறேன்" என்றாள் அம்மா. அப்பா ஒரு பல்லை உரித்துக் கடித்தார். உடனே துப்பினார்.

அக்கம்பக்கத்தில் விதை கேட்கலாம் என்று போனோம். அவர்களுக்கும் அதே பெட்டிதானே? புகை இல்லாமல் சாக்கிலேயே பூஞ்சை பிடித்து, தொட்டால் கொழகொழவென்று விரலில் ஒட்டியது.

இப்போது நடவுக் காலம். எங்கள் காட்டில் ஊன்ற ஒரு பல் பூண்டு இல்லை.