திருப்பதியில் ஏதென்ஸும் ரோமும்

செத்துப்போன ராஜாக்களை வைத்துப் பிழைக்கிற தொழில் நம்முடையது. ஆனால் உயிரோடு எதிரே உட்கார்ந்திருப்பவர்களைச் சமாளிப்பதுதான் கஷ்டம் என்பது என்னைப் போலவே வரலாறு நடத்திய ஆசிரியர்களான உங்களுக்கும் தெரியும். திருப்பதியில் அரசு வேலைத் தேர்வுக்கான கோச்சிங் சென்டர் ஒன்றில் ஐரோப்பிய வரலாறு என் பங்காக இருந்தது. பாடம் தெலுங்கில், பேச்சு பாதி தமிழில். வகுப்பு நடந்த மாடி அறை இப்போது செல்போன் கடை.

ஏதென்ஸில் ஓட்டு

சத்தியவேடு பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருவாள் செல்வி. கூலி வேலை செய்கிற குடும்பம். அந்த வீட்டில் முதல் பட்டதாரி. மேற்கு உலகத்துக்கே ஜனநாயகம் சொல்லிக்கொடுத்த ஊர் ஏதென்ஸ் என்று ஒருநாள் உருகிக்கொண்டிருந்தேன். சபையில் யார் யார் பேசலாம் என்று கேட்டாள். பெண்களுக்கும் அடிமைகளுக்கும் வெளியூர்க்காரர்களுக்கும் இடமில்லை என்றேன்.

"எங்க ஊருப் பழைய பஞ்சாயத்தும் அப்படித்தான் சார், எங்காளுங்க தூர நின்னுக்கினு கேட்டுக்கலாம்."

பாதி விழுந்த ரோம்

ஒருநாள் வகுப்பு நடுவில் அவளுடைய அப்பா, அவள் வாயில் நைனா, வாசலில் வந்து நின்றார். நாயுடுபேட்டையிலிருந்து பெண் பார்க்க வருகிறார்களாம். படிப்பை நிறுத்தி அழைத்துப்போக வந்திருந்தார். செல்வி எழுந்திருக்கவில்லை. நான், "இதை முடிச்சிட்டு அனுப்பறேன், உட்காருங்க" என்று கடைசி பெஞ்சைக் காட்டினேன்.

ரோமாபுரி சரிந்த கதை. அவருக்காகத் தமிழில், வேண்டுமென்றே இழுத்துச் சொன்னேன். எல்லையில் காவல் தளர்ந்தது, வரி ஏறியது, சொந்தப் படையே ராஜாவை மாற்றியது. மணி அடித்தபோது ரோம் பாதிதான் விழுந்திருந்தது. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு என்னிடம் வந்தார்.

"மீதியும் முடியட்டும் சார், அவங்கள பரீட்சைக்கு அப்புறமா வரச் சொல்றேன்."

அலிபிரியில்

அந்தப் பரீட்சையில் என் பாடத்திலிருந்து ஒரு கேள்விகூட வரவில்லை. கிரேக்கமும் இல்லை, ரோமும் இல்லை. பாவம், இந்தப் பெண்ணின் நாட்களை வீணடித்துவிட்டோமே என்று மனது உறுத்திக்கொண்டே இருந்தது.

அப்புறம் ஒருநாள் அலிபிரியில், மலை ஏறும் படிகளுக்குப் பக்கத்தில், யாரோ "சார்!" என்றார்கள். செல்வி. சாந்திபுரம் பக்கம் பஞ்சாயத்துச் செயலாளர் வேலை. வேண்டுதலுக்கு மொட்டை போட நைனாவும் கூட வந்திருந்தார். "என் பாடம்தான் எதுக்கும் உதவலையேம்மா" என்றேன்.

"உதவலதான் சார், ஆனா மத்ததெல்லாம் பரீட்சை ஹாலுலயே மறந்து போச்சு, இது மட்டும் தலையை விட்டுப் போவ மாட்டேங்குது."

மேற்கத்திய நாகரிகத்தின் தோற்றமும் வளர்ச்சியும் நான் நடத்திய வகையில் ஒருவருக்கும் வேலை வாங்கித் தரவில்லை. ஆனாலும் அந்தக் கோச்சிங் சென்டர் இருந்த தெருவைக் கடக்கும்போதெல்லாம், இல்லாத சாக்பீஸ் தூசியைத் தட்ட என் கை தானாகச் சட்டைக்குப் போகிறது.