துருவின் மேல் பூசிய கறுப்பு

பழைய டர்போ கார் ஒன்றை வாங்கி, எட்டு மாதம் பாடுபட்டு ஓட வைத்தேன். முந்தின சொந்தக்காரர் அதில் மீன் பெட்டி ஏற்றியவர். ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர் ஒழுகி, அடியில் பிரேக் குழாய் துருப்பிடித்திருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். நான் துருவைக் கறுப்புப் பெயின்டில் மறைத்தேன். புதுக் குழாய் வரும்வரை பொறுக்க முடியவில்லை.

மச்சானை ஏற்றிக்கொண்டு நுரைச்சோலைப் பக்கம் பறந்தேன். “மெதுவாப் போங்க மச்சான், எனக்குப் பொண்டாட்டி புள்ள இரிக்கி” என்று சிரித்தார்.

வளைவில் கழுதைக் கூட்டம். அதைச் சுற்றி விலகியபடி சைக்கிளில் ஒரு பெண், பின்னால் குழந்தை. பிரேக்கை மிதித்தேன். கால் அடிவரை இறங்கியது. வேகம் பேருக்குத்தான் குறைந்தது. கைப்பிரேக்கை இழுத்து மணலுக்குள் திருப்பினேன். சைக்கிளுக்கு ஒரு முழம் தள்ளிக் கார் நின்றது.

அந்தப் பெண் குழந்தையை அணைத்தபடி கேட்டார்: “தம்பி, ஒங்களுக்கு ஒண்டும் ஆகல்லயே?”

“திடீரெண்டு பிரேக் போயிட்டு, ராத்தா” என்றேன்.

“அல்லாஹ் காப்பாத்தினான்” என்று மச்சான் என் தோளைத் தட்டினார்.

துரு எனக்கு முன்பே தெரியும் என்பதை இருவரிடமும் சொல்லவில்லை. குழாயை மாற்றிவிட்டேன், கார் இப்போது நன்றாக நிற்கிறது. ஆனால் அந்தப் பெண்ணைத் தெருவில் கண்டால் வேறு வழியால் திரும்பிவிடுகிறேன். சலாம் சொல்லி, என் சுகத்தை விசாரித்துவிடுவாரோ என்று பயம்.