எட்டுப் பேரின் கால் மணி

செருப்பு வார் பதிந்த தடம் மறையவே இல்லை. அதுதான் முதல் அறிகுறி. மாலையில் செருப்பைக் கழற்றினால் பாதத்தின் மேல் ஒரு பள்ளம். விரலால் அழுத்தினால் இன்னொரு பள்ளம். நாளெல்லாம் நின்று வேலை பார்க்கிறோம், நீர் கோத்திருக்கும் என்று எனக்கு நானே வைத்தியம் சொல்லிக்கொண்டேன். அப்போது சூடானில் ஒரு லாரி உதிரிபாகக் கடையில் இருந்தேன். காரைக்கால்காரன், துபாயில் பாதி ஆயுசு போய், மீதிக்கு அங்கே வந்து சேர்ந்தவன்.

ஸ்கேனைப் பார்த்த மருத்துவர், இரண்டு சிறுநீரகமும் சுருங்கிவிட்டன என்றார். பல வருட இரத்தக் கொதிப்பு, மாத்திரையை ஒழுங்காகப் போடாத என் கொழுப்பு. கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு, இரத்தத்தில் ஏறினால் சிறுநீரகம் படுத்துவிட்டது என்று பொருள்) எங்கேயோ போயிருந்தது. இனி டயாலிசிஸ்தான் (இரத்தத்தை வெளியே எடுத்து, எந்திரத்தில் சுத்தம் செய்து, திரும்ப உடம்புக்குள் விடுவது). வாரம் இரண்டு முறை, முறைக்கு நான்கு மணி நேரம்.

போனில் என் மனைவி ஜொகரா அழுதாள். "ஊருக்கு வந்துடுங்க மச்சான். நம்மூர்ல இல்லாத ஆஸ்பத்திரியா?"

"இந்த வருஷம் முடியட்டும் புள்ள" என்றேன். வருஷம் முடிவதற்குள் அந்த நாட்டின் இரண்டு படைகளுக்குள் சண்டை மூண்டுவிட்டது.

அதற்கு முன்னால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். டயாலிசிஸில் கடைசி கால் மணி நேரம் எனக்கு ஆகவே ஆகாது. கெண்டைக்கால் இழுக்கும், தலை கிறுகிறுக்கும். "போதும்மா, கழட்டி விடும்மா" என்று நர்ஸைப் படுத்தி எடுப்பேன். என் இடத்தில் இருந்தால் இதைப் படிக்கிற நீங்களும் அப்படித்தான் செய்வீர்கள். எனக்குத் தெரியாதா?

சண்டை தொடங்கியதும் நான் போய்வந்த டயாலிசிஸ் மையத்தில் வேலை செய்தவர்களில் பாதிப் பேர் குடும்பத்தோடு வெளியேறினார்கள். குண்டு விழும் ஊரில் யாரை யார் குறை சொல்வது? ஒரு மருத்துவரும் ஒரு நர்ஸும் மிஞ்சினார்கள். மற்ற வேலையெல்லாம் அந்தத் தெருக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். சீருடை இல்லை, அட்டை இல்லை, கொடி இல்லை. ஒருவர் டீசல் தேடிப் போவார். ஒருவர் கழுதை வண்டியில் தண்ணீர் கொண்டுவருவார். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் பெரிய அண்டாவில் சமைத்து, வீடிழந்தவர்களுக்கும் காயம்பட்டு வந்த சிப்பாய்களுக்கும் ஒரே கரண்டியால் போட்டார்கள். எந்தப் பக்கத்துச் சிப்பாய் என்று கேட்டதில்லை. துப்பாக்கியை மட்டும் வாசலில் வாங்கி வைத்துவிடுவார்கள்.

இவர்களுக்கெல்லாம் தலைவி மாதிரி இருந்தவர் ஆசியா. பெண்கள் பள்ளியில் வேதியியல் டீச்சர். என் அக்கா பெயரும் ஆசியா என்பதால் நான் அவரை லாத்தா என்றே கூப்பிட்டேன். எங்கள் பக்கம் அக்காவை அப்படித்தான் அழைப்போம். என் துபாய் அரபியைக் கேட்டு அவர் சிரிப்பார். டயாலிசிஸ் தண்ணீரில் குளோரின் இருந்தால் இரத்தம் கெட்டு ஆள் செத்துப்போவார். சோதிக்கும் மருந்து தீர்ந்தபோது, பள்ளி ஆய்வகத்திலிருந்து ஒரு புட்டி அயோடைடு உப்பைக் கொண்டுவந்து, சோறு வடித்த கஞ்சியோடு கலந்து, தண்ணீரில் விட்டுப் பார்த்தார். நீலமானால் குளோரின் இருக்கிறது. ஒவ்வொரு நாளும் பார்த்தார். சும்மா சொல்லக்கூடாது, அந்த அம்மா இல்லையென்றால் நாங்கள் யாரும் இல்லை.

அப்படிப்பட்டவரிடம்தான் நான் சண்டைக்குப் போனேன்.

ஒரு நாள் இரண்டு மணி நேரத்திலேயே எந்திரத்தை நிறுத்தச் சொன்னார். அவர் அரபியில் சொன்னதை நம்மூர்ப் பேச்சில் எழுதுகிறேன்.

"டீசல் இவ்வளவுதான் இருக்கு. இனிமே எல்லாருக்கும் ரெண்டு மணி நேரம்."

பக்கத்துப் படுக்கையில் புதிதாக ஒரு சிப்பாய். ஆதம் என்று பெயர், மீசை நரைக்கத் தொடங்கிய வயது. சுவர் இடிந்து மேலே விழுந்து, நசுங்கிய தசையின் கழிவு சிறுநீரகத்தை அடைத்து, சொட்டு மூத்திரம் இல்லாமல் தூக்கி வந்திருந்தார்கள். எனக்கு வந்ததே கோபம்!

"சுட்டுத்திரியிறவனுக்குக் குடுக்க என் நேரத்தப் புடுங்குறீங்களா?" என்று கத்தினேன்.

ஆசியா குரலை உயர்த்தவில்லை. "துப்பாக்கிய வாசல்ல வாங்கி வச்சுட்டேன். இப்ப அவருக்கும் உங்களுக்கும் ஒரே வியாதி. ஊசி எடுத்த இடத்த அழுத்திப் பிடிங்க, ரத்தம் நிக்கட்டும்."

ஆதம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

இரண்டு மணி நேரம் போதாது. உடம்பில் தண்ணீர் தங்கியது. படுத்தால் மூச்சு முட்டும், உட்கார்ந்தபடியே தூங்கினேன். எங்களைப் போன்றவர்களுக்குப் பொட்டாசியம் (பருப்பு, பழங்களில் மிகுந்திருக்கும் உப்பு, அளவு மீறினால் இதயம் நின்றுவிடும்) ஆகாது. அங்கே கிடைத்ததோ மொச்சை மட்டும். எங்களுக்கென்று அதை இரண்டு தரம் வேகவைத்து, இரண்டு தரமும் தண்ணீரைக் கொட்டிவிட்டு ஆசியா கொண்டுவருவார். வாயில் வைக்க விளங்காது. "என்ன லாத்தா இது, சக்கையா இருக்கு" என்பேன். "சக்கையத் தின்னு உயிரோட இருங்க" என்பார்.

பிறகு அந்தச் செய்தி வந்தது. இந்தியர்களைத் துறைமுகத்துக்கு ஏற்றிப்போக இரண்டு நாளில் பேருந்து வருகிறது. அடுத்தது எப்போது என்று யாருக்கும் தெரியாது.

மருத்துவர் என் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார். "பஸ்லயே ரெண்டு நாள். துறைமுகத்துல எத்தனை நாளோ. முழுசா நாலு மணி நேரம் பண்ணாம ஏறுனீங்கன்னா, நுரையீரல்ல தண்ணி கோத்து வழியிலேயே போயிடுவீங்க."

இரண்டு மணி நேரம் கூடுதலாக வேண்டும். நான் கேட்கவில்லை. கேட்கிற வாயை அன்றைக்கே கெடுத்து வைத்திருந்தேன். ஜொகராவுக்கு என்ன சொல்வது என்று மட்டும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஆசியா படுக்கை படுக்கையாகப் போய் ஏதோ கேட்டார். முதலில் உயர்ந்த கை ஆதமுடையது. அப்புறம் ஒவ்வொன்றாக எட்டுக் கைகள். ஆளுக்குக் கால் மணி நேரம்.

மறுநாள் அவர்கள் எட்டுப் பேரையும் ஒன்றே முக்கால் மணி நேரத்திலேயே எந்திரத்திலிருந்து இறக்கினார்கள். எனக்கு மட்டும் எந்திரம் நான்கு மணி நேரம் ஓடியது. நான் வெட்கமில்லாமல் அழுதேன். ஆசியா சொன்னார், "இது உங்க கிட்ட அமானா." எங்கள் வீட்டில் அமானிதம் என்போம். ஒருவர் நம்பி ஒப்படைத்தது; பத்திரமாகத் திருப்பித் தர வேண்டியது.

கிளம்பும்போது ஆதமிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். "வழியில சுட்டுத்திரியிறவங்க நிறைய பேரு இருப்பாங்க. பாத்துப் போங்க" என்றார். சிரித்தார் பாவி மனுஷன்.

பேருந்து, துறைமுகத்தில் காத்திருப்பு, கப்பல், விமானம். வந்து இறங்கியதும் என்னைச் சோதித்த மருத்துவர், "எப்படிங்க தாங்குனீங்க?" என்றார். அந்த நான்கு மணி நேரம்தான் தாங்கியது.

இப்போது காரைக்காலிலேயே டயாலிசிஸ். பக்கத்துப் படுக்கை திருநள்ளாறு பக்கத்துத் தனலட்சுமி அக்கா. நடவு வேலை பார்த்தவர். நான் வந்து ஒரு மாதம் இருக்கும். எந்திரத்தில் இருக்கும்போது ஆசியாவின் குரல் செய்தி போனில் வந்தது. எட்டுப் பேரில் இரண்டு பேர் இறந்துவிட்டார்கள், பாத்திமாவும் பெரியவர் இத்ரீஸும். சற்று நிறுத்திவிட்டு, "ஆதமுக்கு மூத்திரம் வந்துடுச்சு!" என்றார். அடைத்திருந்த சிறுநீரகம் திறந்துகொண்டது. பின்னால் அந்த வார்டுப் பெண்கள் எல்லோரும் குலவையிடுகிறார்கள்.

நர்ஸ் ஓடிவந்தார். "யாரு வீட்டுக் கல்யாணம் பாய்?"

"கல்யாணம் இல்லம்மா. ஒருத்தருக்கு மூத்திரம் வந்திருக்கு."

வேறு எங்கே சொன்னாலும் சிரிப்பார்கள். எங்கள் வார்டில் ஒருவரும் சிரிக்கவில்லை. மூத்திரம் நின்றுபோனவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். "யாரு பெத்த புள்ளையோ, நல்லா இருக்கட்டும்" என்று தனலட்சுமி அக்கா படுத்தபடியே வாயில் கை வைத்து ஒரு குலவை போட்டார்.

என் உடம்பை நான் இப்போது முன்போல எனக்கே எனக்கென்று நினைப்பதில்லை. முதல் இரண்டு மணி நேரம் என்னுடையது. அதன் பிறகு ஒவ்வொரு கால் மணிக்கும் ஒரு பெயர் இருக்கிறது. பாத்திமாவின் கால் மணியும் இத்ரீஸின் கால் மணியும் வரும்போது அவர்களுக்காக இறைவனிடம் துஆ கேட்பேன். இறந்தவர்களுக்கு வேறு எப்படித் திருப்பித் தருவது?

போன வாரம் கடைசி நேரத்தில் கெண்டைக்கால் முறுக்கி இழுத்தது. பல்லைக் கடிப்பதைப் பார்த்துவிட்டு நர்ஸ் வந்தார்.

"என்ன பாய், கால் இழுக்குதா? இன்னும் கால் மணிதானே, கழட்டி விட்டுடவா?"

"வேணாம்மா" என்றேன். "இது ஆதமோடது."