ஸ்டெல்லா போட்ட கோடு

காலை ஆறு மணிக்கு முதல் ஷிப்ட் தொடங்கியபோது ஸ்டெல்லாவின் இடத்தில் ஆள் இல்லை. சோதனைத் திரை மட்டும் வெறுமனே வெள்ளையாக எரிந்துகொண்டிருந்தது. ஒன்பது வருஷத்தில் அவர் ஒரு நாள்கூடத் தாமதமாக வந்ததில்லை. போன் அடித்தேன், எடுக்கவில்லை. மூன்றாவது முறை யாரோ ஓர் ஆண் எடுத்து, "இந்த போன் ரோட்டோரமா கெடந்துச்சு. நீங்க யாருங்க?" என்றார். அவர் குரலுக்குப் பின்னால் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது.

படப்பைச் சாலையில், விடிவதற்குச் சற்று முன்பு, அவருடைய ஸ்கூட்டர் பள்ளத்தில் இறங்கியிருக்கிறது. எதிரே வந்த கார் நிற்கவில்லை. மருத்துவமனைக்குப் போய்ச் சேரும் முன்பே ஸ்டெல்லா போய்விட்டார்.

முப்பதாம் நாள் பூசை முடிந்ததும், நமது தொழிற்சாலை மலரில் அவரைப் பற்றி நான்தான் எழுதவேண்டும் என்றீர்கள். சூப்பர்வைசர், அதிகம் பழகியவன், எழுதத் தெரிந்தவன் என்று காரணங்களும் சொன்னீர்கள். ஒப்புக்கொண்டேன். எனக்கு வேறு ஒரு காரணம் இருந்தது.

கார்களுக்கு முன்விளக்கு செய்யும் நம் தொழிற்சாலையில் ஸ்டெல்லாவின் வேலை என்ன என்று உங்களுக்குத் தெரியும். முடிந்து வரும் ஒவ்வொரு விளக்கையும் எரியவிட்டு, அதன் ஒளி திரையிலுள்ள கோட்டைத் தாண்டி மேலே ஏறாமல் இருக்கிறதா என்று பார்ப்பது. ஒருமுறை ஏற்றுமதி லாரி வாசலில் நின்றுகொண்டிருந்தபோது ஒரு பெட்டி முழுவதையும் திருப்பி அனுப்பினார். நான் கத்தினேன். அவர் குரலை உயர்த்தாமல் சொன்னார்: "கோட்டுக்கு மேல ஒரு நூல் ஏறுனாலும் அது எதிர வர்றவன் கண்ணுலதான் சார் போய் நிக்கும். அவன் நம்ம கேட்டாண்ட வந்து கம்ப்ளெயின்ட் பண்ண மாட்டான்." இரண்டு நாள் நான் அவரோடு பேசவில்லை. எனக்கு முன்கோபம் அதிகம். அந்த லாரி அன்று மாலை வரை நின்றுதான் போனது.

அதற்கு அடுத்த வருஷம் நான் ஒரு பழைய கார் வாங்கினேன். சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து நம் முருகேசனையும் இன்னும் மூன்று பேரையும் ஏற்றிக்கொண்டு வேலைக்கு வருவேன். வண்டி நல்ல வண்டி, விளக்குதான் மோசம். வடக்குப்பட்டுப் பக்கம் எருமை நடுச்சாலையில் படுத்திருக்கும். லாரிகள் பின்விளக்கு இல்லாமல் ஓரத்தில் நிற்கும். பக்கத்தில் போனபிறகுதான் இரண்டும் தெரியும். ஊருக்கெல்லாம் விளக்கு செய்து கொடுக்கும் நாம், சொந்த வண்டி என்று வந்துவிட்டால் அறிவைக் கேட்டிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போகிறோம். நேராகப் படப்பையில் ஒரு கார் சாமான் கடைக்குப் போனேன். ஹாலோஜன் பல்பைப் பிடுங்கிவிட்டு அதே இடத்தில் வெள்ளை எல்.இ.டி. பல்பு இரண்டைப் பொருத்திக்கொண்டேன். சாலை பட்டப்பகல் மாதிரி தெரிந்தது. ஒரு பல்பு மட்டும் அவ்வப்போது மினுக்கும். "சார் வண்டி யாரப் பாத்தாலும் கண்ணடிக்குதுப்பா" என்று முருகேசன் கிண்டல் செய்வான். எல்லோரும் சிரித்தோம்.

மார்கழிப் பனியில் ஒரு விடியற்காலை நான் கேட்டுக்குள் திரும்பியபோது எதிரே ஸ்டெல்லா ஸ்கூட்டரில் வந்தார். சட்டென்று நிறுத்தி, ஒரு கையால் முகத்தை மறைத்துக்கொண்டு அப்படியே நின்றார். விளக்கை அணைத்துவிட்டு இறங்கினேன்.

"இன்னா சார் இது? ஹாலோஜனுக்குன்னு செஞ்ச கிண்ணத்துல இத்த சொருவுனா வெளிச்சம் ரோட்டுலயா வுழும்? செதறிக்கினு மூஞ்சில அடிக்குது. நம்மளே இத்த பண்ணா எப்டி?"

"எனக்கு ரோடு நல்லாத் தெரியுதும்மா" என்றேன்.

"ஒங்களுக்குத் தெரியுது சார். எனக்கு இன்னும் தெரியல."

அவர் கோபத்தில் சொல்லவில்லை. உண்மையாகவே தெரியாமல்தான் ஸ்கூட்டரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். பார்வை திரும்பும்வரை நானும் நின்றேன்.

அதோடு விட்டிருந்தால் அவர் ஸ்டெல்லா இல்லை. ஒரு சனிக்கிழமை மாலை தன் கணவர் அந்தோணியையும் கூட்டிக்கொண்டு நம் வண்டி நிறுத்துமிடத்துக்கு வந்தார். அந்தோணி ஒரு பட்டறையில் கார் பெயின்டர். மஞ்சளாய்ப் பூத்துப்போயிருந்த விளக்குக் கண்ணாடியை உப்புத்தாளும் தண்ணீரும் வைத்துத் தேய்த்து, பாலிஷ் போட்டுப் பளபளவென்று ஆக்கினார். ஸ்டெல்லா பழைய வயரை எடுத்துவிட்டு, பல்புக்கு மின்சாரம் குறையாமல் போகக் கனமான வயர் இழுத்து ரிலே வைத்தார். புது ஹாலோஜன் பல்பு மாட்டினார். பிறகு சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிட்டு, என் கூட வரும் நான்கு பேரையும் சாப்பாட்டுப் பையோடு வண்டிக்குள் உட்காரச் சொன்னார்.

"வண்டி காலியாவா வருது? ஆள ஏத்திட்டு அளவு பாருங்க சார். பின்னால மூணு பேரு குந்துனா மூக்கு மேல தூக்கிக்கும்."

தினமும் இதே வேலை செய்கிற எனக்கு இது தோன்றவே இல்லை. ஒளி அந்தக் கோட்டைத் தாண்டாதபடி அவர் விளக்கைத் திருப்பி வைக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. "பசிக்குது ஸ்டெல்லா, நான் எறங்கிக்கட்டுமா?" என்றான் முருகேசன். "எறங்குனா கோடு மாறிடும்ணா, குந்து" என்றார். அன்று வீட்டுக்குப் போகும்போது எருமையின் வால்கூடத் தெரிந்தது. மஞ்சள் வெளிச்சம்தான். எதிரே வந்தவர் ஒருவரும் முகத்தைத் திருப்பவில்லை.

அன்று கையைத் துடைத்துக்கொண்டே கடைசியாக அவர் கேட்டார்: "கழட்டுன பல்பு எங்க சார்?"

"டிக்கியில இருக்கும்மா."

"ஒடச்சிப் போட்டுருங்க. யார் கைக்கும் போவக் கூடாது."

அடுத்த வாரமும் மறக்காமல் கேட்டார். "உடைச்சிட்டேம்மா" என்றேன். "நல்லது சார்" என்று சொல்லிவிட்டுத் தன் திரைக்குப் போனார்.

நான் உடைக்கவில்லை. எரிகிற பல்பை உடைக்க மனசு வரவில்லை. அதே கடையில் கொடுத்து, பதிலுக்கு ஒரு ஜோடி ஹாரன் மாட்டிக்கொண்டேன். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என் புளுகு ஒரு வருஷத்துக்கு மேல் தாங்கியது. நான் கெட்டிக்காரன் என்பதால் அல்ல, அவர் என்னை நம்பியதால்.

அடக்கத்தன்று, விபத்து நடந்த இடத்தில் டீக்கடை வைத்திருக்கும் அம்மாளும் வந்திருந்தார். கல்லறைத் தோட்ட வாசலில் நின்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்: "வெள்ளவெளேர்னு வெளிச்சம்பா. நம்பரு எங்க பாக்கறது, கண்ணே அவிஞ்சி பூட்ச்சி. ஒரு பக்கத்து லைட்டு மட்டும் கண்ணடிச்சிக்கினே வந்திச்சி." முருகேசன் என்னைத் திரும்பிப் பார்த்தான். இன்றுவரை அதைப் பற்றி அவன் என்னிடம் பேசவில்லை.

மறுநாள் அந்தக் கடைக்குப் போனேன். கடைக்காரர் சலித்துக்கொண்டார். "இந்த பல்புல பாதி இப்டித்தான் சார் மினுக்கும். ஒங்களுது யார் வாங்கினு போனான்னு இன்னாத்த கண்டேன்? ஒங்க கம்பெனி ஆளுங்கதான் நெறய பேரு வாங்கறாங்க." காவல் நிலையத்தில் தெரிந்ததை எழுதிக் கொடுத்தேன். வாங்கி வைத்துக்கொண்டார்கள். இதுவரை எந்தக் காரும் சிக்கவில்லை. அது என் பல்பாக இல்லாமலும் இருக்கலாம். அந்த 'லாம்'-ஐப் பிடித்துக்கொண்டு தூங்கப் பார்க்கிறேன், முடியவில்லை.

இப்போது நான் விடியும் முன்பே வந்து கேட்டருகே நிற்கிறேன். மூன்றாம் ஷிப்ட் முடிந்து வெளியே போகும் வண்டிகளையும் உள்ளே வரும் வண்டிகளையும் பார்க்கிறேன். வெள்ளை விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக என் முகத்தில் அடிக்கின்றன. உள்ளே இருப்பவர் யார் என்று தெரிவதில்லை. கைகாட்டுகிறீர்கள், சிரிக்கிறீர்கள் போலிருக்கிறது. நான் விளக்கைத்தான் பார்க்கிறேன், எது மினுக்குகிறது என்று.

ஸ்டெல்லா எனக்கு விட்டுப்போனது சுவரில் அந்தச் சாக்பீஸ் கோடு. மழையில் அழிந்தால் மறுபடி அதே உயரத்தில் போட்டுவைக்கிறேன். இதை அச்சுக்குக் கொடுக்கும் முன்பு அந்தோணியிடம் நேரில் போய் முழுவதும் படித்துக் காட்டினேன். அவர், "அவ ஒங்கள நம்பிக்கினு இருந்தா சார்" என்று மட்டும் சொன்னார்.

கழற்றிய பல்பு எங்கே என்று நீ கேட்டாயே, ஸ்டெல்லா. நான் அதை உடைக்கவில்லை. அது இன்னும் ஏதோ ஒரு வண்டியில் எரிந்துகொண்டிருக்கிறது.