எச்சில் ஊறிய இடம்

போன ஞாயிற்றுக்கிழமை. கிள்ளானில் ஒரு கல்யாண மண்டபம். மேடையில் மைக்கோடு என் நண்பன் குணா.

இந்தப் பக்கத்தில் பலருக்குக் குணாவைத் தெரிந்திருக்கும். முப்பது வருஷமாகக் கல்யாண அறிவிப்பாளர். கேரி தீவு எஸ்டேட் மண்டபத்திலிருந்து கோலாலம்பூர் ஹோட்டல் வரை அவன் குரல் கேட்காத இடம் இல்லை. சாலாக் செலாத்தானில் என்னோடு ஒரே வகுப்பில் படித்தவன்.

போன வருஷம் அவனுக்கு மூக்குக்குப் பின்னால் புற்றுநோய். கதிர்வீச்சு கொடுத்தார்கள். நோய் போய்விட்டது. கூடவே எச்சிலும் போய்விட்டது. கன்னத்திலும் தாடைக்கு அடியிலும் இருக்கிற சுரப்பிகள் கதிரில் வெந்துவிட்டனவாம்.

எச்சில்தானே... தண்ணீர் குடித்தால் சரியாகிவிடாதா? நானும் அப்படித்தான் நினைத்தேன். எவ்வளவு முட்டாள் நான்!

சிகிச்சைக்குப் பிறகு அன்றுதான் அவனுக்கு முதல் மேடை. வணக்கம் சொன்னான். மாப்பிள்ளையின் பெற்றோரை அழைத்தான். அடுத்து பெண்ணின் தாய்மாமன் பெயர் — நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஸ்பீக்கரில் 'க்ளக்' என்ற சத்தம் மட்டும். தண்ணீர் குடித்தான். மறுபடி முயன்றான். மறுபடி 'க்ளக்'. முன்வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். குடித்துவிட்டு வந்திருக்கிறான் என்று நினைத்திருப்பார்கள்.

அவன் மகள் தாரணி மேடைக்கு ஓடினாள். மைக்கை வாங்கி மீதிப் பெயர்களை அவளே வாசித்தாள்.

சாப்பிடாமலே காருக்கு வந்துவிட்டோம். குணா முன் சீட்டில், தாரணி ஸ்டியரிங் முன்னால், நான் பின்னால். அவள் காரைக் கிளப்பவில்லை.

தாரணி ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். எலிக் கருவில் எச்சில் சுரப்பி எப்படி உருவாகிறது — அதுதான் அவள் ஆராய்ச்சி. அப்பாவுக்கு நோய் வருவதற்கு முன்பே எடுத்த பாடம். விதிக்கு எவ்வளவு குரூரமான நகைச்சுவை உணர்ச்சி, பாருங்கள்!

"என் மக எலிய வச்சு என்னமோ செய்யுது லா" என்பான் குணா. அதற்கு மேல் அவன் கேட்டதே இல்லை.

அன்று கேட்டான்.

அவள் போனில் ஒரு வீடியோவைக் காட்டினாள். நானும் எட்டிப் பார்த்தேன்.

"என்னம்மா இது, முட்டைக்கோஸா?"

"எச்சில் சுரப்பிப்பா. எலிக் கருவிலேருந்து எடுத்து, தட்டுல வச்சு ரெண்டு நாள் வளத்தது."

முதலில் ஒரே ஒரு மொட்டு. அதன் உருண்டை நுனியில் ஒரு பிளவு விழுந்தது. ஒன்று இரண்டானது. இரண்டும் பிளந்தன. பார்த்துக்கொண்டிருக்கும்போதே திராட்சைக் கொத்து மாதிரி ஆகிவிட்டது. நமக்கும் இப்படித்தானாம். தாய் வயிற்றில் ஆறாவது, ஏழாவது வாரம். பிள்ளை அப்போது மொச்சைக்கொட்டை அளவுதான் இருக்கும். அதன் வாயின் உட்தோல் ஓரிடத்தில் தடித்து, அடியில் இருக்கும் திசுவுக்குள் இறங்கி, கிளை கிளையாகப் பிரிகிறது. பிறகு தண்டு குடைந்து குழாயாகிறது. நுனிகளில் எச்சில் ஊறுகிறது.

குணா இரண்டு தடவை பார்த்தான்.

"எனக்கு ஒண்ணு இப்படி வளத்து உள்ள வைக்க முடியாதாம்மா?"

தாரணி போனை மடியில் கவிழ்த்து வைத்தாள்.

"முடியாதுப்பா. இப்போதைக்கு எல்லாம் ஆராய்ச்சிதான். மொட்டு மட்டும் போதாது. சுத்தி இருக்கிற திசுதான் அதைக் கிளை விடச் சொல்லும். பக்கத்துல நரம்பு வேணும். உங்களுக்கு அந்த மண்ணே வெந்து போச்சுப்பா."

"போகப் போக சரியாயிடும்னாரே டாக்டரு?"

"கொஞ்சம் வரலாம். பழைய மாதிரி வராது."

பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "லேப்ல இது கிளை விடறதப் பாக்கும்போதெல்லாம் உங்க ஞாபகம்தான். பொறாமையா இருக்குப்பா... போயும் போயும் ஒரு எலி மேல."

குணா அவள் தலையில் கை வைத்தான். "பழைய மாதிரி வராதுன்னு நீயே சொன்னது நல்லது. வேற யாராச்சும் சொல்லியிருந்தா நம்பியிருக்க மாட்டேன்."

பிறகு தன் போனை எடுத்தான். அடுத்த மாதம் தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு கல்யாணம் ஒப்புக்கொண்டிருந்தான்.

"அண்ணே, குணா பேசறேன். மன்னிச்சிருங்க... வேற ஆளப் பாத்துக்குங்க."

ஒரு மடக்குத் தண்ணீர். அடுத்த நம்பர். இன்னொரு மடக்கு. மூன்றாவது அழைப்பில் பாதி வாக்கியத்தோடு நாக்கு நின்றுவிட்டது. போனை என்னிடம் நீட்டினான். முப்பது வருஷம் பேசிய ஒருவன் இனிமேல் வரமாட்டான் என்று முகம் தெரியாத ஒருவருக்கு நான்தான் சொன்னேன்.

எச்சில் என்றாலே நமக்கு முகச்சுளிப்பு. எச்சில் தட்டு, எச்சில் இலை, எச்சில் கையால் காக்கா ஓட்டாதவன் — திட்டுவதற்கு மட்டும்தான் அந்தச் சொல். யாரும் கேட்காமல், இருட்டில், சில வாரங்களில் நமக்குள் முளைத்த ஒன்று. போனால் திருப்பித் தர இன்னும் ஆள் இல்லை.

இந்த வாரம் உங்கள் வீட்டில் யாராவது தொணதொணவென்று பேசினால், தயவுசெய்து வாயை மூடச் சொல்லாதீர்கள். பேசட்டும்... ஊறுகிற வரைக்கும்.